அந்தி வளையத்தில் ஒரு தெரு

கழக்கூட்டத்து நெடுஞ்சாலையில் ஆபீஸ் பஸ் நகராமல் நின்றுகொண்டிருந்த ஒரு சாயங்காலம், என் உள்ளங்கைக்குள் ஒரு கிரகம் உதித்தது. வரப்போகும் ஒரு கணினி விளையாட்டின் முன்னோட்டம் அது, இரண்டு நிமிஷம்கூட இல்லை. முதலில் ஒரு கப்பல். அதன் வயிற்றில் வரிசை வரிசையாகத் தூங்கும் மனிதர்கள். கப்பலுக்கு வெளியே எதுவும் இல்லை, அந்த எதுவுமில்லாதது அவ்வளவு பெரிசாக இருந்தது. பிறகு கிரகம். சந்திரன் நமக்குக் காட்டுவதைப்போல அது தன் சூரியனுக்கு ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டு சுற்றுகிறது. ஆகவே ஒரு பாதியில் என்றைக்கும் பகல், பாறை வெந்து உருகும் பகல். மறு பாதியில் விடியவே விடியாத உறைபனி. இரண்டும் தொட்டுக்கொள்ளும் விளிம்பில் மட்டும், கிரகத்தைச் சுற்றி ஒரு வளையமாக, முடியாத சாயங்காலம் ஒன்று ஓடுகிறது. மனிதர்கள் இறங்க முடிந்த இடம் அந்த வளையம்தான்.

பக்கத்து இருக்கைப் பெண் பஸ் எப்போது நகரும் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஹாரன்கள். எனக்கு நாற்பத்தொன்பது வயது. மென்பொருளுக்குக் கையேடு எழுதிப் பிழைக்கிறேன், மிச்ச நேரத்தில் கவிதைக்கும் உரைநடைக்கும் நடுவே எதையாவது கிறுக்குகிறேன். அப்படிப்பட்ட என் முன்கையில் மயிர் சிலிர்த்து நின்றதை நானே பார்த்தேன். முறைவைத்து ஆடும் ஆட்டம் என்று கடைசியில் எழுத்து வந்தது. நாம் ஓர் அடி வைத்து, முறை முடிந்தது என்று அழுத்தும்வரை பிரபஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்குமே, அந்த வகை. தேதி இல்லை. 'வருகிறது' என்று மட்டும் போட்டிருந்தார்கள்.

இதை ஓடிப்போய்ச் சொல்ல எனக்கு ஒரே ஓர் ஆள்தான் உண்டு. என் மன்னி, அண்ணன் மனைவி. அவளோடு நான் மூன்று நாளாகப் பேசவில்லை.

கரமனையில் எங்கள் வீட்டில் மூன்று பேர்: அண்ணா, மன்னி, நான். அடுக்களை எனக்கும் மன்னிக்கும் முறை. ஒரு நாள் அவள், ஒரு நாள் நான். பல வருஷங்களுக்கு முன்பு, கிரகம் கிரகமாகக் குடியேறும் பழைய ஆட்டம் ஒன்றை ஆபீஸ் தோழி ஒருத்தி தர, லேப்டாப்பில் போட்டு வைத்திருந்தேன். மன்னி அப்போது சர்வே ஆபீசில் இருந்தாள். நில வரைபடங்களில் எல்லைக்கோடு இழுத்தே உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவள். அறுகோணக் கட்டங்களாகப் பிரிந்து கிடந்த வேற்று நிலத்தைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு, இதில் போக்குவரத்துக்கு எங்கே வழி விட்டிருக்கிறார்கள் என்று கேட்டாள். அவ்வளவுதான், ஆட்டத்துக்குள் வந்துவிட்டாள்.

எப்படியோ ஒரு வழக்கம் அமைந்தது. அடுக்களை இல்லாதவளுக்கு ஆட்டம். ஒரே குடியேற்றம்தான், ஒரே பக்கம்தான் ஆடுகிறோம், ஆனால் ஒரு நாளும் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. ஒரு நாளைக்கு ஒரு முறை. இன்று நான் ஒரு கலத்தை நகர்த்திவிட்டு எழுந்தால், நாளை மன்னி அதை என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. தெரியவேண்டியதை, காலையில் கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி லேப்டாப்பின் மேல் வைப்போம். முன்பக்கத்தில் ராகுகாலம், எமகண்டம். பின்பக்கத்தில், 'மூணாவது நிலவுல இரும்பு இருக்கு, எடுத்துடுங்கோ.' அல்லது அவள் கையெழுத்தில், 'புழு வரது, வடக்கே போகாதே.' ஒரு கிரகம் நிமிர்ந்து நிற்க ஐந்தாறு மாதம் ஆகும். அதற்குள் வீட்டில் ஒரு மழைக்காலம் வந்து போயிருக்கும்.

எங்களுக்குள் நிரந்தரமான தகராறு ஒன்று உண்டு. மன்னி எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் எங்கள் தெருவையே போடுவாள். நடுவே வழி, இரண்டு பக்கமும் எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள், தெருவின் தலைமாட்டில் கோயில் மாதிரி ஆராய்ச்சிக்கூடம். அந்த ஆட்டத்திலோ கட்டடங்களைக் கொத்தாக நெருக்கிக் கட்டினால்தான் விளைச்சல். நூல் பிடித்த மாதிரி நீட்டினால் காவலுக்குக் கப்பல் போதாது. எத்தனையோ தாளில் எழுதி வைத்துப் பார்த்தேன். எதிராம் இல்லாமல் மனுஷா எப்படி இருப்பா என்று பதில் எழுதி வைப்பாள். அண்ணா அதை எடுத்துப் படித்துவிட்டு, இவள் செவ்வாய்க்குப் போனாலும் முதலில் எதிர்வீட்டுக்காரி என்ன கூட்டு வைத்திருக்கிறாள் என்றுதான் விசாரிப்பாள் என்றார்.

ஆனால் அந்த மூன்று நாள் மௌனத்துக்குத் தெரு காரணமில்லை. வடக்கு எல்லையில் எதிரிக் கப்பல்கள் திரண்டிருந்தன. வாயிலை மூடுங்கோ, காவல் கலத்தை நகர்த்த வேண்டாம் என்று தாளில் எழுதி வைத்துவிட்டு நான் அன்றைக்கு ஆபீஸ் போனேன். திரும்பி வந்து பார்த்தால் வாயில் திறந்து கிடந்தது, காவல் கலம் தெற்கே எங்கோ தனியாக மிதந்துகொண்டிருந்தது. எட்டு மாதம் வளர்த்த ஊர் ஒரே முறையில் போய்விட்டது. எழுதி வைத்ததைப் பார்க்கக்கூட மனசில்லையா என்று கேட்டேன். பார்த்தேன், எனக்கு வேற மாதிரித் தோணித்து என்றாள் மன்னி. அதோடு விட்டிருக்கலாம். கூட ஆடுகிறவளை மதிக்கத் தெரியாதவர்களோடு எனக்கு ஆட்டம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். அடுக்களை அன்றைக்கு என் முறை, இருந்தும் எனக்காக அவள் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அதற்குப் பிறகு லேப்டாப்பின் மேல் தாள் எதுவும் இல்லை.

பஸ் ஒருவழியாகக் கரமனையில் என்னை இறக்கிவிட்டபோது கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. நேரே அடுக்களைக்குள் போய் மன்னியின் முகத்துக்கு எதிரே போனைப் பிடித்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு முழுவதும் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். அந்தக் கிரகத்தைப் பார்த்தேளா என்றேன். எந்தக் கிரகம் என்றாள். நடுவில், திரை முழுக்க அடைத்துக்கொண்டு அதுதானே இருந்தது என்றேன்.

மன்னி அடுப்பைச் சிறிதாக்கினாள்.

"நடுவுல ஒண்ணுமில்லேடி. கொஞ்ச நாளா எதைப் பாத்தாலும் நடுவுல ஒண்ணுமில்லே. சாம்பல் நிறத்துல ஒரு பப்படம் ஒட்டி வெச்ச மாதிரி."

போன் என் கையில் அணைந்தது.

"உன் சீட்டு என்னால படிக்க முடியல்லே, கேட்டியா. மூடுன்னு எழுதினயோ, தொறன்னு எழுதினயோ. உங்கண்ணாகிட்டக் கேட்டா அப்பவே ஆஸ்பத்திரின்னு சட்டையை மாட்டிண்டு நிப்பார். தள்ளு, குழம்பு பொங்கறது."

அந்தக் குழம்பை அன்று நான்தான் இறக்கி வைத்தேன். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்டேன் என்று இப்போது நினைவில்லை. சாரமில்லே, பரவாயில்லே என்று அவள் முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னது நினைவிருக்கிறது.

விழித்திரையின் மையம் தேய்கிறது என்றார் கண் டாக்டர். சின்ன வயதுப் பெண், மலையாளத்தில் நிதானமாகப் பேசுபவர். போனது திரும்பாது, இருப்பதை மாதாமாதம் கண்ணில் ஊசி போட்டுப் பிடித்து வைக்கப் பார்க்கலாம் என்றார். மன்னி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒரு வருஷமாவது நிற்குமா என்று கேட்டாள். அது என்ன கணக்கு ஒரு வருஷம் என்றார் டாக்டர். ஒரு விளையாட்டு வரப்போகிறது, அதைப் பார்த்துவிட வேண்டும் என்றாள் மன்னி. ஃபுட்பாலா என்று கேட்டார். மன்னி என் பக்கம் திரும்பி, நீ சொல்லு என்றாள். தூங்கும் கப்பலைப் பற்றியும் கிரகங்களைப் பற்றியும் ஒரு கண் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து உளறிக்கொட்டினேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, தேதி மட்டும் என்னால் சொல்ல முடியாது அம்மா என்றார். விளையாட்டுக்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள் என்றாள் மன்னி.

இரண்டு தேதிகள். இரண்டும் யாருக்கும் தெரியாதவை. எங்கோ தூர தேசத்தில் ஒரு சின்ன அறையில் ஏழெட்டுப் பேர் கிரகங்களைச் செய்துகொண்டிருந்தார்கள், இங்கே மன்னியின் கண்ணுக்குள் ஒரு சாம்பல் வட்டம் விரிந்துகொண்டிருந்தது. எது முந்தும் என்பதுதான் அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டின் கேள்வி.

அடுக்களை முறை தானாகவே கலைந்தது. இரண்டு பேரும் சேர்ந்தே நின்றோம். மன்னி கைத்தடவலிலேயே பீன்ஸ் நறுக்குவாள், நான் அந்த விளையாட்டைச் செய்கிறவர்கள் அவ்வப்போது எழுதும் குறிப்புகளைத் தமிழாக்கிப் படித்துக் காட்டுவேன். மலையளவு அலை நாளுக்கு இரண்டு தடவை கடந்துபோகும் ஒரு கிரகம். மழை பாதி வழியில் ஆவியாகி, தரையை ஒரு நாளும் தொடாத ஒரு கிரகம். மூன்று சூரியன்கள் உள்ள ஒன்று, அங்கே ஒரு மனிதனுக்கு மூன்று நிழல். நான் படிப்பதை நிறுத்திவிடுவேன், என்னால் மேலே போக முடியாது. இவற்றில் ஏதோ ஒன்று எங்கேயாவது உண்மையிலேயே இருக்கும், இந்த நிமிஷம் அங்கே யாரும் பார்க்காமல் மழை பாதியில் திரும்பிக்கொண்டிருக்கும் என்கிற நினைப்பில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேன். மன்னி அப்படி நின்றுவிடுகிறவள் இல்லை. அவள் சர்வே ஆபீஸ்காரியாகவே கேட்பாள். எல்லைக்கல் எதில் நடுவார்கள், பாறையா மண்ணா. அலை வந்து போனால் புறம்போக்கு யாருக்கு. மூணு நிழல் விழுந்தால் துணியை எந்தப் பக்கம் உலர்த்துவது.

ஒரு நாள், முதல் தடவையாகத் தேதி அறிவித்தார்கள். மழைக்காலம் முடிந்ததும் என்றார்கள். மன்னி அன்றைக்குப் பாயசம் வைத்தாள். இரண்டு மாதம் கழித்து அது அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போயிற்று. அந்தச் செய்தியை நான் அவளிடம் சொல்லவில்லை. இரண்டு நாள் வேறு ஏதேதோ பழைய குறிப்புகளைப் படித்து ஒப்பேற்றினேன். மூன்றாம் நாள் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"நீ சொல்லாம இருந்தா அது தள்ளிப் போகாம இருந்துடுமோ?"

போனைத் தானே வாசிக்கும்படி வைத்துக்கொள்ள அவள் கற்றுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. இங்கிலீஷ்காரி குரலில் எல்லாம் சொல்லிவிட்டது என்றாள். நன்றாகச் செய்வதற்காகத்தான் நேரம் எடுத்துக்கொள்கிறார்கள், அவசரப்பட்டு அளந்த நிலம் எல்லாம் கோர்ட்டில்தான் போய் முடியும் என்றாள். ஆனால் அந்த வாரம் ஊசிக்குப் போகும்போது காரில் வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள்.

நாலாவது ஊசியோ ஐந்தாவதோ, கட்டுப் பிரித்த ஞாயிற்றுக்கிழமை அண்ணா எங்களை விழிஞ்ஞத்துக்குக் கூட்டிப்போனார். புதுத் துறைமுகத்தின் கிரேன்கள் கடலோரத்தில் நின்றன. எத்தனை தடவை பார்த்தாலும் கண் பழகாத உயரம். கீழே ஒரு கப்பல், அதன் மேல் பெட்டிப் பெட்டியாக ஒரு நகரம். அது மெல்ல நகர்ந்து போனபோது கரைதான் நகர்கிறது என்று தோன்றியது. மன்னி நேரே பார்த்துக்கொண்டு நின்றாள். வெறும் ஆகாசம்தான் இருக்கு என்றாள். சற்றுத் தள்ளி மீன் விற்றுக்கொண்டிருந்தவளின் பக்கம் அவள் தலையைத் திருப்பினாள். திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏய், வந்துடுத்து," என்றாள் மெதுவாக.

எது என்று கேட்டேன்.

"அந்த ராட்சசன். நேரா பாத்தா ஓடிப் போயிடறான். மீன்காரியைப் பாத்தா வந்து ஓரமா நிக்கறான். முழுசா. கழுத்தெல்லாம் தெரியறது."

கிரேனைப் பார்த்தாள், மீன்காரியைப் பார்த்தாள், மறுபடி கிரேன், மறுபடி மீன்காரி. அந்த அம்மாளுக்குச் சந்தேகம் வந்து, மீன் வேணுமா வேண்டாமா என்று மலையாளத்தில் சத்தம் போட்டாள். அண்ணா, என்னையும் இத்தனை நாளாக இப்படித்தான் பார்க்கிறாயா என்று கேட்டார். உங்களை நேரே பார்க்காமல் இருப்பதும் ஒரு சௌகரியம்தான் என்றாள் மன்னி. வெகுநாள் கழித்து மூவரும் சிரித்தோம். டாக்டரிடம் சொன்னபோது, சரிதான், ஓரம் நன்றாக இருக்கிறது, ஓரத்தால் பார்க்கப் பழகுங்கள் என்றார்.

அதற்குப் பிறகு ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல், விளையாட்டின் மாதிரி ஒன்றை ஒரு வாரத்துக்கு மட்டும் வெளியிட்டார்கள். ஒரே கிரகம், நாற்பது முறை. திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும் எந்தக் கிரகம் என்று.

சனிக்கிழமை, சாப்பாடு ஆனபிறகு லேப்டாப்பைப் பெரிய டீவியோடு இணைத்தோம். அண்ணாதான் கம்பியைத் தேடி எடுத்துக் கொடுத்தார். இத்தனை வருஷத்தில் நானும் மன்னியும் ஆட்டத்துக்குச் சேர்ந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான். மன்னி டீவியைப் பார்க்கவில்லை. அதன் இடதுபக்கச் சுவரில் தொங்கும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கப்பல் இறங்கியது. தொடுவானத்தில் பாதி முழுகின சூரியன். அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எல்லாவற்றுக்கும் நீள நீளமான நிழல், எல்லா நிழலும் ஒரே பக்கம் சாய்ந்து, கோடி வருஷமாக அசையாமல் கிடந்தன. குளிர்ந்த பாதியிலிருந்து சூடான பாதிக்கு ஓயாமல் ஒரு காற்று. அந்தச் சிவப்பு வெளிச்சம் டீவியிலிருந்து வழிந்து மன்னியின் கன்னத்தில், அண்ணாவின் மூக்குக்கண்ணாடியில், எங்கள் கூடத்துத் தரையில் விழுந்தது. அண்ணா கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

"எத்தனை கட்டம் அகலம்?" என்று கேட்டாள் மன்னி, கடிகாரத்தைப் பார்த்தபடி.

எண்ணினேன். அந்தப் பக்கம் தகிக்கிறது, இந்தப் பக்கம் உறைகிறது. நடுவில் மூன்று கட்டம்தான்.

"மூணுன்னா," என்றாள், "ஆம், வழி, ஆம்."

வீடு, வழி, வீடு. நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். கொத்தாகக் கட்ட அங்கே இடமே இல்லை. கொத்தின் ஓரம் வெந்துபோகும், அல்லது விறைத்துப்போகும். அந்தக் கிரகத்தில் மனிதர்கள் வாழ ஒரே ஒரு வடிவம்தான் உண்டு. எத்தனை நாட்காட்டித் தாள்களில் நான் வேண்டாம் என்று எழுதினேனோ, அந்த வடிவம்.

மன்னி சொல்லச் சொல்ல நான் மவுஸை நகர்த்தினேன். வெயில் பக்கத்து வரிசையில் சூட்டைப் பிடிக்கும் கூடங்கள். பனிப் பக்கத்து வரிசையில் ஐஸை வெட்டி எடுக்கும் வீடுகள். அந்த வரிசைக்குத் தண்ணீர் உண்டு, சூடு இல்லை. இந்த வரிசைக்குச் சூடு உண்டு, தண்ணீர் இல்லை. நடுவே வழி. வழிக்குக் குறுக்கே ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். எதிராத்துலேர்ந்து வெந்நீர் வாங்கற மாதிரி என்றாள் மன்னி, வெகு சாதாரணமாக. பத்தாவது முறையில் விளக்கெரிந்தது. இருபதில் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் முதல் நூறு பேர் எழுந்து வந்தார்கள். முப்பதில் எங்கள் தெரு கிரகத்தின் வளைவில் ஏறி, கண்ணுக்கு மறைந்து, அப்பாலும் போய்க்கொண்டிருந்தது.

"இப்படியே போயிண்டே இருந்தா?" என்று கேட்டாள்.

சுற்றிக்கொண்டு நம்மாத்து வாசலுக்கே வந்து சேரும் என்றேன்.

கடிகாரத்தில் பெரிய முள் நகர்ந்தது. அவள் நினைப்பது எனக்கும் எட்டியது. தெருவுக்குத் தலைமாடு இருக்காது. கோயிலை எங்கே கொண்டுபோய் வைப்பது.

"தெருக்கோடி ஆமே கெடையாதுடி அங்கே," என்றாள் கடைசியில். "எல்லாராத்துக்கும் ரெண்டு பக்கமும் யாராவது இருப்பா."

நாற்பதாவது முறை முடிந்தது. சிவப்பு அணைந்து, கறுப்பில் அதே ஒரு சொல் வந்தது. வருகிறது. அண்ணா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

மறுநாள் காலை நான் கூடத்துக்கு வந்தபோது லேப்டாப்பின் மேல் தாள் இருந்தது. ஒன்றல்ல, மூன்று நாட்காட்டித் தாள்கள் பக்கத்தில் பக்கத்தில், பின்பக்கமாக. ஒவ்வொன்றிலும் தடித்த கறுப்பு மார்க்கரில் ஒரே ஒரு சொல். வேறெங்கோ பார்த்துக்கொண்டு எழுதியதில் எழுத்துகள் மாடிப்படி ஏறியிருந்தன. அடுக்களை வாசலில் நின்றே படிக்க முடிந்தது: தெரு. இன்னும். முடியல்லே.

ஆட்டம் இல்லை, மாதிரி முடிந்துபோயிற்று, அதைச் சேமித்து வைக்கவும் முடியாது. உண்மை ஆட்டம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அடுத்த ஊசி புதன்கிழமை. இருந்தாலும் அவள் முறை ஆடியிருக்கிறாள், இப்போது முறை என்னுடையது. அன்றைய தாளைக் கிழித்து, மார்க்கரை எடுத்து, அவள் ஓரக்கண்ணுக்கு எட்டும் பெரிய எழுத்தில் எழுத ஆரம்பித்தேன். 'நீட்ட' என்பதோடு தாள் தீர்ந்துவிட்டது. இன்னொன்று வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் ஒருபோதும் செய்யாததைச் செய்தேன். நாளைய தாளை இன்றைக்கே கிழித்து, மிச்சத்தை அதில் எழுதி, இரண்டையும் சேர்த்து வைத்தேன்.

நாளைக்கு ராகுகாலம் எப்போது என்று இனி யாரைக் கேட்பது என்றார் அண்ணா, நாளை மறுநாளைக் காட்டித் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்து.

மன்னி வந்தாள். ஜன்னலுக்கு வெளியே தென்னையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நிலையிலேயே, ஓரமாக, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"நீட்ட... லாம்."

பிறகு தென்னையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்படின்னா இன்னிக்கு ஆட்டம் உன்னோடது, அடுக்களை என்னோடது," என்றாள்.